தாது வருஷத்தில் பர்மா போன தாத்தா: முன்னோர் ஒருவரின் வாழ்க்கையை அவர் காலத்தோடு சேர்த்து எழுதுவது எப்படி?

"தாது வருஷப் பஞ்சத்துல பொழைக்க வழியில்லாம தாத்தா பர்மாவுக்குக் கப்பலேறினார்." எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை இது. ஒருநாள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டபோது உதைத்தது. தாது வருஷப் பஞ்சம் 1876-ல் தொடங்கி 1878 வரை தென்னிந்தியாவை வாட்டியது. தாத்தா பிறந்ததோ அதற்கு ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து.

அப்படியானால் கதை பொய்யா? தமிழ் வருடப் பெயர்கள் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். 1876-க்கு அடுத்த தாது 1936. தாத்தா போனது அந்தத் தாதுவில். கொள்ளுப்பாட்டி தன் பாட்டியிடம் கேட்டு வைத்திருந்த பஞ்சக் கதையும், மகன் கப்பலேறிய வருடமும் ஒரே பெயரில் இருந்ததால் வீட்டில் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. இந்த ஒட்டுதலைப் பிரித்துப் பார்த்த அன்றுதான் தாத்தா எனக்கு முதல்முறையாக ஒரு மனிதராகத் தெரிந்தார். பஞ்சம் துரத்தாமலேயே, 21 வயதில், தானாக முடிவெடுத்துப் போன ஒரு பையன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரைப் பற்றி எழுத நினைப்பவர்களுக்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட வழியை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு ஆள்

ஏழு தலைமுறைக்குக் கொடிவழி வரையப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். பாதியில் நின்றுவிடும். ஒரு ஆளை எடுங்கள். அவர் வாழ்க்கையிலும் ஒரு துண்டை எடுங்கள். நான் எடுத்தது 1936 முதல் 1942 வரை, ஆறு வருடம். அதற்கே இரண்டு வருடம் ஆயிற்று.

ஒரு முழுத்தாளில் இப்போது உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். யார் சொல்லித் தெரியும் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டேன். தாத்தா பர்மாவிலிருந்து நடந்து வந்த கதையை எனக்குச் சொன்னது அப்பத்தா. ஆனால் அவர் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததே 1944-ல். அவர் கண்ணால் கண்டதல்ல, மாமியார் சொல்லக் கேட்டது. அதனால் அந்தக் கதைக்கு மதிப்புக் குறையாது. ஆனால் எந்த வாய் வழியாக வந்தது என்று தெரிந்தால்தான் எங்கே நீண்டிருக்கும், எங்கே சுருங்கியிருக்கும் என்று யூகிக்க முடியும்.

பெரியவர்களிடம் பேசுவது

"எந்த வருஷம்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் நம்ப முடியாது. அவர்கள் காலத்தை எண்களால் அளக்கவில்லை. "அப்போ யார் வயித்துல இருந்தா?", "மச்சு வீடு கட்டினதுக்கு முன்னாடியா பின்னாடியா?", "ரேஷன் அரிசி வந்த காலமா?", "தனுஷ்கோடி புயலுக்கு எத்தனை வருஷம் முந்தி?" என்று கேளுங்கள். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர் 22, 23. ராமநாதபுரம் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் அது ஒரு மைல்கல். உங்கள் ஊரில் வேறு எதுவாவது இருக்கும்: ஏரி உடைந்தது, ரயில் வந்தது, ஊருக்குக் கரண்டு வந்தது.

அப்பத்தா தாத்தாவின் பிறப்பைச் சொன்ன விதம் இது:

"எம்டன் குண்டு போட்டானே, அன்னிக்குப் பொறந்தவருடா உங்க தாத்தா."

எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22 இரவு. (எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். பர்மாவில் ஆறு வருடத்தைத் தொலைத்த மனிதரின் பிறந்த கதையில் பர்மா எண்ணெய் எரிவது தற்செயல்தான், ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை. கெட்டிக்காரனை 'சரியான எம்டன்' என்று நம் ஊரில் சொல்வதும் அந்தக் கப்பலால் வந்ததுதான்.)

ஆனால் வீட்டில் இருந்த ஜாதகக் குறிப்பு 'ஆனந்த வருஷம் மார்கழி 20' என்கிறது. எம்டன் வந்தது புரட்டாசி. அப்படியானால் அன்று அவர் தாய் வயிற்றில் இருந்திருக்கிறார். மூன்று மாதம் கழித்துப் பிறந்தவரைக் குண்டு வெடித்த அன்றே பிறக்க வைத்தது வீட்டின் ஆசை. சரி, ஆசையும் ஒரு தகவல்தான். இரண்டையும் எழுதி வைத்தேன்.

ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, பார்வையில் படாதபடி வைத்துவிடுங்கள். குறுக்கே பேசாதீர்கள். பேச்சு வேறெங்கோ போகிறதே என்று இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம். அப்பத்தா ஒரு மணி நேரம் வெங்காய விலை பேசிய பிறகுதான், "மணிப்பூர் ரோட்டுல ரயில் ஏறினார்" என்ற வரி வந்தது. அதன் அருமை அப்போது எனக்குத் தெரியாது. பிறகு சொல்கிறேன்.

பெட்டியைத் திறப்பது

டிரங்குப் பெட்டி, பூஜை அறைப் பரண், பீரோவின் அடித்தட்டு. தேட வேண்டியவை: ஜாதகம், கிரயப் பத்திரம், கடிதங்கள், மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பழைய பாஸ்போர்ட், புகைப்படங்கள். புகைப்படம் என்றால் பின்பக்கமும் சேர்த்து. ஸ்டுடியோ முத்திரை, பென்சிலால் எழுதிய ஒரு சொல், எல்லாம் அங்கேதான் இருக்கும்.

கிடைத்ததை உடனே லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, இருந்த வரிசை கலையாமல் திரும்ப வையுங்கள்.

கடித உறைகளைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். உள்ளே இருக்கும் கடிதத்தைவிட உறை அதிகம் பேசுவது உண்டு. எங்கள் பெட்டியில் ரங்கூன் முத்திரையோடு இரண்டு உறைகள் இருந்தன. ஒன்றில் இந்தியத் தபால்தலை. மற்றதில் அதே மன்னர் தலை, மேலே 'பர்மா' என்று அச்சடித்தது. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. அன்று முதல் இந்தியத் தபால்தலையின் மேல் 'பர்மா' என்று அடித்து விற்றார்கள். ஆக முதல் உறை பிரிவினைக்கு முந்தையது, 1936-ல் போனார் என்பதற்கு அது துணை நின்றது.

இந்த இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். தாத்தா போனபோது பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். ரூபாயும் ஒன்று, ராஜாவும் ஒன்று. பாஸ்போர்ட் கேட்கவில்லை. அவர் அதே அரிசி மில்லில் அதே நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருக்க, அவரைச் சுற்றி நாடு மாறிவிட்டது. வரலாற்றுப் புத்தகத்தில் 'பர்மா பிரிக்கப்பட்டது' என்று ஒரு வரியில் முடிகிற விஷயம் ஒரு வீட்டுக்குள் எந்த வடிவத்தில் வந்தது என்றால், தபால்தலையாக வந்தது. நீங்கள் தேட வேண்டியது இந்த மாதிரி இடங்களைத்தான்.

தேதியை மாற்றும் கணக்கு

அலுப்பான வேலை. ஆனால் இங்கே தவறினால் எல்லாம் தவறும்.

தமிழ் வருடம் சித்திரையில், அதாவது ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. அதனால் மார்கழியின் பின்பாதியும் தை, மாசி, பங்குனியும் அடுத்த ஆங்கில வருடத்தில் விழும். ஆனந்த வருஷம் என்றால் 1914 என்று எழுதிவிடுவோம். ஆனால் தாத்தாவின் மார்கழி 20 என்பது 1915 ஜனவரி தொடக்கம். அறுபது வருடச் சிக்கலைத்தான் முதலிலேயே பார்த்தோம்.

நிலம், வரி சம்பந்தப்பட்ட தாள்களில் பசலி ஆண்டு இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருடம், தொடக்கம் ஜூலை 1. பசலி 1351 என்றால் 1941 ஜூலை முதல் 1942 ஜூன் வரை. நெல்லை, குமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு வரும். அதற்கு 824 அல்லது 825 கூட்ட வேண்டும்.

பணத்தையும் அன்றைய கணக்கிலேயே எழுதுங்கள். 1957 ஏப்ரலில் நயா பைசா வரும் வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. 'இன்றைய மதிப்பில் இத்தனை லட்சம்' என்று பெருக்கிக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. அந்தப் பணத்துக்கு அன்று எத்தனை மூட்டை நெல் வாங்கலாம் என்று சொன்னால் போதும்.

நான்கு கட்ட அட்டவணை

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: வருடம், ஆள், ஊர், உலகம். 'ஆள்' கட்டத்தில் பேப்பரோ பேச்சோ ஆதாரம் இருப்பதை மட்டும். 'உலகம்' கட்டத்தை நிரப்புவது சுலபம், புத்தகம் போதும். கஷ்டமானதும் முக்கியமானதும் 'ஊர்'. உலகத்தில் நடந்தது ஊர் வழியாகத்தான் ஆளைத் தொடும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் உங்கள் கட்டுரை பாடப்புத்தகத்தில் தாத்தாவின் படத்தை ஒட்டியது போல இருக்கும்.

தாத்தாவுக்கு இரண்டு ஊர். சொந்த ஊர் ஒன்று, ரங்கூன் ஒன்று. 1931 மக்கள்தொகைக் கணக்கில் ரங்கூனில் சுமார் நான்கு லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் இந்தியர். பர்மிய நாட்டின் தலைநகரில் பர்மியர் சிறுபான்மை. 1930-ல் நெல் விலை சரிந்ததும் செட்டியார்களிடம் கடன் வாங்கியிருந்த பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறத் தொடங்கியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் வசம் இருந்த நிலம் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு, 1938-ல் 25 பங்கு. நம் வீட்டுக் கதைகளில் 'பர்மாக்காரன் கலவரம் பண்ணான்' என்று மட்டும்தான் இருக்கும். அவன் ஏன் கோபப்பட்டான் என்பது 'ஊர்' கட்டத்தில் வர வேண்டும். நம் ஆள் நல்லவர் என்பதால் அவர் காலம் நல்லதாகிவிடாது.

கலவரம் என்றால் எந்தக் கலவரம் என்றும் பார்க்க வேண்டும். ரங்கூனில் 1930 மே மாதத்தில் துறைமுகக் கூலிகளை ஒட்டி ஒன்று, 1938 ஜூலையில் இன்னொன்று. தாத்தா போனது 1936. ஆகவே "ஆடி மாசத்துல மில்லுக்குள்ளயே பூட்டிக்கிட்டு இருந்தாராம்" என்பது 1938, வெகுதானிய வருஷம்.

வீட்டுக்கு வெளியே எங்கே தேடுவது

எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய் "எங்க தாத்தா பேர் இது, ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் வேலைக்காகாது. அங்கே காகிதங்கள் துறைவாரியாக, வருடவாரியாக இருக்கின்றன. ஜில்லா, தாலுகா, கிராமம், வருடம் நான்கும் கையில் இருக்க வேண்டும். ஜில்லா என்றால் அன்றைய ஜில்லா. ராமநாதபுரம் ஜில்லா உருவானது 1910-ல். அதற்கு முந்தையதை மதுரையிலும் திருநெல்வேலியிலும் தேட வேண்டும். இன்றைய சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்கள் 1985 வரை ராமநாதபுரத்துக்குள் இருந்தவை.

உங்கள் ஊர் ஜமீன் கிராமமா, ரயத்துவாரி கிராமமா (நிலக்காரர் சர்க்காருக்கே நேராக வரி கட்டிய ஊர்) என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஜமீன் கிராமமாக இருந்தால் பட்டா கொடுத்தது ஜமீன், சர்க்கார் அல்ல. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்த நிலங்கள் சர்க்கார் கணக்கில் ஏறின. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பித்தால், தாத்தா வாங்கியதும் விற்றதும் தேதியோடு வரும். அந்தத் தேதிகளை அட்டவணையில் ஏற்றிப் பாருங்கள். ரங்கூனிலிருந்து பணம் வந்த வருடம் எது, நின்ற வருடம் எது என்று தானாகத் தெரியும்.

பழைய ஜில்லா கெஜட்டியர்களை (ஜில்லாவைப் பற்றிய சர்க்கார் விவரத் தொகுப்புகள்) கன்னிமாரா நூலகத்திலும், பழைய தமிழ்ப் பத்திரிகைகளைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பார்க்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் எண்ணிக்கைதான் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. பட்டாளத்தில் செத்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரை வைத்தே தேடலாம். ரங்கூனுக்கு வெளியே உள்ள நினைவு மண்டபத்தில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர் என்றால் தோட்டத்துக்குப் போகிறவர்களைத் தங்க வைத்து அனுப்பிய மண்டபம் முகாம், இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம், தோட்டத் தமிழர்களை இரு நாடும் பிரித்துக்கொள்ள 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஆகியவற்றைச் சுற்றித் தேடுங்கள். பர்மாவிலேயே தங்கிப் பின்னால் வந்தவர் என்றால் 1962 ராணுவ ஆட்சியும் 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்ததும். சென்னை பர்மா பஜார் அப்படி வந்தவர்களின் இடம்தான்.

கதையும் காலமும் முட்டும் இடம்

இதுதான் எனக்குப் பிடித்த கட்டம். மணிப்பூர் ரோட்டுக்கு வருகிறேன்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. 25-ம் தேதி மறுபடியும். 1942 மார்ச் 8 ரங்கூன் ஜப்பான் கையில். இதற்கிடையிலும் இதற்குப் பிறகும் இந்தியர்கள் நடந்தே கிளம்பினார்கள். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் பல்லாயிரம். வழிகள் மூன்று: தெற்கே டவுங்குப் கணவாய் தாண்டி அரக்கான் வழியாகச் சிட்டகாங். நடுவே சிந்த்வின் ஆற்றைக் கடந்து டாமு, பாலெல், இம்பால். வடக்கே ஹுகாவாங் பள்ளத்தாக்கு வழியாக லெடோ. மூன்றாவதுதான் மிகக் கொடியது, மழையும் சேர்ந்துகொண்டது.

தாத்தா எந்த வழி? அப்பத்தாவிடம் கேட்டதற்கு "வழியா? காட்டு வழிதான்" என்றார். பிறகுதான் வெங்காய விலைக்கு நடுவே, "மணிப்பூர் ரோட்டுல ரயில் ஏறினார்." ரோட்டில் எப்படி ரயில் ஏறுவது, அப்பத்தாவுக்கு நினைவு தப்புகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருடம் கழித்து, பழைய ரயில்வே வரைபடம் ஒன்றைப் புரட்டும்போது திகைத்துப்போனேன். இன்றைய திமாப்பூர் ரயில் நிலையத்துக்கு அன்று பெயரே 'மணிப்பூர் ரோடு'. இம்பாலில் இருந்து இறங்கி வரும் அகதிகள் ரயில் ஏறிய இடம் அது. மாமியார் வாய் வழி வந்த ஒரு பெயரை ஒரு எழுத்து மாறாமல் எழுபது வருடம் காப்பாற்றியிருக்கிறார். தப்பாகப் புரிந்துகொண்டது நான்தான்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். "தாத்தா நேதாஜி படையில் இம்பால் வரைக்கும் போனார்" என்று என் சித்தப்பா கூட்டத்தில் சொல்வார். நேதாஜி சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தது 1943 அக்டோபர் 21. இம்பால் போர் 1944 மார்ச்சிலிருந்து ஜூலை வரை. தாத்தா 1942 வைகாசியில் ஊர் வந்து சேர்ந்தாயிற்று. 1944, தாரண வருஷம் வைகாசியில் அவருக்குக் கல்யாணம், பத்திரிகை பெட்டியில் இருக்கிறது. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவர் பாலெல் மலையில் சண்டை போட முடியாது.

ஆனால் இதை 'தவறு' என்று அடித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எப்படி வந்தது இந்தக் கதை? நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் போரிட்ட டாமு–பாலெல் சாலைதான் இரண்டு வருடம் முன்பு தாத்தா நடந்து வந்த சாலை. இம்பால், பாலெல் என்ற பெயர்களை வீட்டில் அவர் வாயால் கேட்டவர்கள், பின்னால் அதே பெயர்களை நேதாஜியோடு சேர்த்துக் கேட்டபோது இரண்டையும் முடிந்துவிட்டார்கள். இரண்டு தாதுவும் ஒன்றானது போல. நான் கட்டுரையில் இரண்டையும் எழுதி, எப்படி ஒட்டியது என்பதையும் எழுதினேன். சித்தப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் பேசவில்லை. அப்புறம் சரியாகிவிட்டது.

எழுதும்போது

'மனம் கனக்கக் கப்பலேறினார்' என்றெல்லாம் எழுதாதீர்கள். கனத்ததா என்று நமக்குத் தெரியாது. தெரிந்ததைத் தெரிந்தபடி, கேட்டதை 'என்பார் அப்பத்தா' என்று, யூகத்தை யூகமாக. ஒரு பக்கத்தில் 'இருக்கலாம்' மூன்று முறை வந்தால் அந்தப் பக்கத்தைத் தூக்கிவிடலாம். காலத்தைப் பற்றிய ஒவ்வொரு தகவலுக்கும், இதனால் இந்த ஆளின் சாப்பாடு, சம்பளம், கடிதம், பயணம் எதில் என்ன மாறியது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது எவ்வளவு பெரிய சம்பவமானாலும் வேண்டாம். நான் முதலில் ஹிட்லரை வைத்து இரண்டு பக்கம் எழுதி, பிறகு கிழித்தேன்.

மறைத்து வைத்த விஷயங்கள் வெளியே வரும். எங்கள் பெட்டியில் ஒரு படம்: நாற்காலியில் தாத்தா, பக்கத்தில் நிற்கும் ஒரு பர்மியப் பெண். பர்மா போன ஆண்கள் பலர் அங்கே ஒரு குடும்பம் வைத்திருந்தது ஊரறிந்தது. இவர் யார் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை, எனக்கும் அழுத்திக் கேட்கத் தோன்றவில்லை. அப்படி ஒரு படம் இருக்கிறது என்று ஒரு வரி மட்டும் எழுதினேன். உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால், உயிரோடு இருப்பவர்களில் யாருக்கு வலிக்கும் என்று பார்த்து முடிவெடுங்கள். எழுதாமல் விடலாம். பொய்யாக மாற்றி எழுதக் கூடாது.

முடித்ததும் வீட்டில் மூத்தவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுப்பதை விட வாசிப்பது நல்லது. அப்பத்தா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தைக்குத்தான் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"எல்லாம் சரிடா. அந்தக் குடையை ஏன் எழுதல?"

"எந்தக் குடை அத்தை?"

"நடந்து வர்றப்போ எல்லாத்தையும் வழியில போட்டுட்டு அப்பா ஒரு குடையை மட்டும் விடாம கொண்டாந்தாரே. நான் பள்ளிக்கூடத்துக்கு அதத்தானே எடுத்துட்டுப் போவேன்."

யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் வாசித்துக் காட்டும்போதும் ரெக்கார்டர் ஓடட்டும்.